மச்சானின் சின்னக் குளிசை

புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து என் விரல் நுனிகளை விறைக்கச் செய்துவிட்டது. சேட்டுப் பொத்தானைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பும் இளம் டாக்டர் கேட்கிறார்: “ஐயா, விரல் விறைக்குதோ? உள்ளங்கால் எரியுதோ? மறைக்காமல் சொல்லுங்கோ. மருந்தின்ர அளவைக் குறைக்கலாம்.”

இந்தக் கேள்வி முதன்முதலில் என் காதில் விழுந்தது கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில், ஐம்பதுகளின் கடைசியில். அன்று அதை என்னிடம் கேட்கவில்லை, என் மச்சானிடம் கேட்டார்கள். அவனிடம் கேட்டதே எனக்குப் பொறுக்கவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அரசாங்கம் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து முதலில் வந்தவர்களில் அவன் ஒருவன். குடியேற்றப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக நான் பிறகுதான் வந்தேன். அவன் வளவுக்குப் பக்கத்து வளவில் எங்களுக்கும் வீடு அமைந்தது. அன்றிலிருந்து என் வீட்டில் எது சமைத்தாலும் ஒரு பங்கு வேலி தாண்டிப் போகும். மீன் வாங்கினால் நடுத்துண்டு அண்ணைக்கு, முட்டை பொரித்தால் முதல் முட்டை அண்ணைக்கு. என் மனைவி இதை ஒளித்துச் செய்யவில்லை. ஒளித்துச் செய்திருந்தால் எனக்குக் கோபம் வர ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

அவனை யாருக்கும் பிடிக்கும். வயலில் நின்று பெரிய குரலில் பகிடி விடுவான், அடுத்த வரம்பில் நிற்பவன் சிரிப்பான். என்னை “வாத்தி” என்பான். நான் ஆங்கிலம் படித்தவன், சைக்கிளில் போகிறவன், குடி, சுருட்டு எதுவும் இல்லாதவன். ஊர் எனக்கு மரியாதை தந்தது, அவனுக்கு அன்பு தந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாள்தோறும் என் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது.

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் சயரோகம், அதாவது காசநோய், வந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்று தெரியாது. அவன்தான் எனக்குக் கொடுத்தான் என்று நான் மனதுக்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். வடக்கே கடலோரம் இருந்த நெஞ்சு ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் மாதக் கணக்கில் கிடந்தோம். அங்கேயும் தாதிமார் அவன் கட்டிலடியில் நின்றுதான் சிரித்தார்கள். ஊசி முடிந்ததும் குளிசைகளைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நெடுங்காலம் நிறுத்தாமல் விழுங்க வேண்டும், கிளிநொச்சிப் பக்கத்து டிஸ்பென்சரியில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இப்போது கீமோதெரபி என்றால் எல்லோருக்கும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் காலத்துப் புத்தகங்களில் சயரோகத்துக்குக் கொடுத்த குளிசைகளையும் அதே சொல்லால்தான் எழுதியிருந்தார்கள்.

டிஸ்பென்சரியில் டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரிதான் எல்லாம். கொழும்பில் படித்தவர், இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டை, வாயில் எப்போதும் ஒரு நக்கல். முதல் நாள் நானும் மச்சானும் மட்டும் போனோம். அவர் மச்சானைப் பார்த்து நேரே கேட்டார்.

“நீர் குடிக்கிறனீரோ?”

“கொஞ்சமாய், ஐயா.”

“கொஞ்சமெண்டால்? போத்திலோ, பானையோ?”

மச்சான் சிரித்துவிட்டான். “பானையை நான் தூக்குறேல்லை, ஐயா. அவங்கள்தான் ஊத்துவாங்கள்.”

அப்போதிக்கரியும் சிரித்தார். பிறகு, உள்ளங்கால் எரிகிறதா, விரல் விறைக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். ஒரு சின்ன வெள்ளைக் குளிசையை எடுத்துக் காட்டிச் சொன்னார்: “இந்தச் சயரோகக் குளிசை கிருமியைக் கொல்லும். ஆனால் உடம்பில இருக்கிற ஒரு விற்றமினையும் சேர்த்துக் கலைச்சுப்போடும். அது போனால் நரம்பு பழுதாகும். முதல் எரியும், பிறகு விறைக்கும். குடிக்கிற ஆக்களுக்கு அந்தச் சத்து முன்னமே குறைவு. அதுதான் உமக்கு இது. நாளுக்கு ஒண்டு. வந்தபிறகு மாத்துறது கஷ்டம், வரமுதல் மறிக்கிறது சுகம்.”

இது முழுவதையும் நான் கேட்டேன். ஆனால் மனதில் பதிந்தது “சத்து” என்ற ஒரு சொல் மட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பொட்டலம், மச்சானுக்கு இரண்டு. வாசலில் இருந்த தராசில் ஏறி நிற்போம். என் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். அவன் முள் மேலே போகும். கன்னத்தில் சதை வைத்தது. வயலில் இறங்கத் தொடங்கினான். நான் வகுப்பில் பத்து வசனம் எழுதினால் கதிரையில் இருந்துவிடுவேன். அவன் சாப்பிட்ட ஈரலும் முட்டையும் அவனைத் தேற்றியிருக்கலாம், அந்தச் சாப்பாடு என் குசினியில் இருந்துதான் போனது. ஆனால் எனக்கு அந்தச் சின்னக் குளிசைதான் கண்ணில் தெரிந்தது. ஒழுக்கமாக இருந்தவனுக்கு ஒன்று, குடிகாரனுக்கு இரண்டு. இது என்ன நியாயம்?

ஒருநாள் வாய் விட்டே கேட்டேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள்.

“ஐயா, எனக்கும் அந்தச் சின்னக் குளிசையைத் தந்தாலென்ன?”

அப்போதிக்கரி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “தரலாம், மாஸ்டர். நாளையில இருந்து குடிக்கத் தொடங்குங்கோ. அடுத்த முறை வரேக்க தாறன்.”

வரிசை முழுவதும் சிரித்தது. மச்சான் எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரித்தான். “வாத்தி, வா, பின்னேரம் கள்ளுத் தவறணைக்குப் போவம். மருந்துக்குத்தானே!”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயை வலிக்கச் செய்தது இன்றும் நினைவிருக்கிறது.

இதற்கிடையில் மச்சானின் மனைவிக்கு அவன் தவறணைக்குப் போவது தெரியவந்து பெரிய சண்டை. நோயில் இருந்து எழுந்தவன் மறுபடியும் கள்ளுக் குடிப்பதா என்று அழுது, பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அதன் மேல் கையடித்துச் சத்தியம் வாங்கினாள். இனித் தொட்டால் தாலியைக் கழற்றி அந்த மூலஸ்தானத்திலேயே வைத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். மச்சான் கையடித்தான். மூன்றாம் நாளே வயலால் வரும் வழியில் தவறணைக்குள் புகுந்து வெளியே வந்ததை நான் கண்டேன். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தான். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு இரகசியம் இருக்கிறது என்பது அவனுக்குச் சந்தோசமாக இருந்தது போல. எனக்கு அப்படி இருக்கவில்லை.

அடுத்த முறை டிஸ்பென்சரிக்குப் போனபோது அவன் மனைவியும் கூட வந்தாள். அப்போதிக்கரி பொட்டலம் கட்டிக்கொண்டே வழக்கம் போல ஏதோ கேட்க வாயெடுத்தார். அவர் கேட்க முதல் நான் சொன்னேன்.

“ஐயா, மச்சான் இப்ப குடிக்கிறேல்லை. துப்புரவாய் விட்டிட்டார்.”

அப்போதிக்கரி கையை நிறுத்தினார். “உண்மையோ?”

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் பெருமையோடு தலையை ஆட்டினாள். “ஓம் ஐயா. பிள்ளையாருக்கு முன்னால சத்தியம் பண்ணினவர்.”

“ஓம் ஐயா,” என்றான் மச்சான். அவன் வேறு என்ன சொல்ல முடியும்?

“நல்ல விசயம். சாப்பாடும் நல்லாயிருக்கு, உடம்பும் தேறியிருக்கு. அப்ப இந்தக் குளிசை இனி உமக்குத் தேவையில்லை. பட்டணத்தில இருந்து கொஞ்சம்தான் வருது. உருத்திரபுரத்தில ஒரு பிள்ளைத்தாச்சி இந்த மருந்து எடுக்கிறா, அவவுக்குக் குடுப்பம்.”

இந்த முறை மச்சானுக்கும் ஒரே பொட்டலம்தான்; மூன்று பேரும் திரும்பினோம். அன்று நான் சைக்கிளைப் பாட்டுப் பாடிக்கொண்டு மிதித்தேன்.

காலபோக விதைப்பு முடிந்த பிறகு அவன் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. பின்னேரங்களில் வாய்க்கால் கட்டில் இருந்து முழங்கால் வரை காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இருப்பான். கேட்டவர்களுக்கு உடம்புச் சூடு என்றான். அவன் மனைவி நல்லெண்ணெய் பூசினாள், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தாள். சூடு என்று முட்டையையும் ஈரலையும் நிறுத்தினாள். என் மனைவியும் அதை நம்பி வேலி தாண்டிப் போகும் சாப்பாட்டில் அவற்றைக் குறைத்தாள். சத்து இல்லாமல் வந்த எரிவுக்கு இருந்த சத்தையும் பறித்தார்கள். எரிவைச் சூடு என்று எடுப்பது எங்கள் சனத்தின் வழக்கம். அதில் அந்தப் பெண்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும்தான் அது சூடு இல்லையென்று தெரியும். குறைந்தபட்சம், சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள் வாய்க்கால் கட்டில் என்னைப் பக்கத்தில் இருத்தினான்.

“மச்சான், காலுக்குள்ள நெருப்புத் தணல் கிடக்கிற மாதிரிக் கிடக்கு. படுக்கேக்க சீலை பட்டாலும் ஏலாது.”

“டிஸ்பென்சரி ஐயாவிட்டப் போய்ச் சொல்லன்.”

“சொன்னால் முதல் கேள்வி என்ன? குடிக்கிறனீரோ எண்டு. இவள் பக்கத்தில நிப்பாள். விட மாட்டாள், இப்ப எங்கையும் கூடத்தான் வாறாள்.” குரலைத் தாழ்த்தினான். “நீ இங்கிலீசில கதைக்கிறனி. ஆளோட தனியக் கதைச்சு அந்தச் சின்னக் குளிசையை எனக்கு வாங்கித் தாவன்.”

முதல் தடவையாக அவன் என்னிடம் ஒன்று கேட்டான். எங்கள் வாழ்க்கையில் நான் அவனைவிட உயரத்தில் நின்ற ஒரே நேரம் அதுதான். அது சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று நினைத்தேன். “பாப்பம்,” என்றேன்.

டிஸ்பென்சரிக்குப் போனேன். அப்போதிக்கரி தனியாகத்தான் இருந்தார். எனக்குரிய பொட்டலத்தை வாங்கினேன். மழை பற்றிக் கதைத்தோம். திரும்பி வந்து மச்சானிடம், “இல்லையாம். முடிஞ்சுதாம். பட்டணத்தில இருந்து வரோணுமாம்,” என்றேன்.

“பரவாயில்லை,” என்றான். “நீ கேட்டியே, அதுவே போதும்.”

சில வாரங்களில் எரிவு நின்றது. எல்லோரும் வெந்தயம் வேலை செய்தது என்றார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னோடு கதைத்துவிட்டுப் போகும்போது இடது காலின் செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. அவன் நிற்கவில்லை. ஒரு காலில் செருப்பும் மறுகாலில் வெறுங்காலுமாகக் கிரவல் வீதியில் கைவீசி நடந்துகொண்டே இருந்தான்.

“மச்சான், செருப்பு இஞ்ச கிடக்குது!”

“ஆரின்ர செருப்பு?” என்று திரும்பியவன், காலைக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். “பாரன், என்ர கால் எனக்குச் சொல்லாமல் நடக்குது.”

அப்போதிக்கரி சொன்னது அந்த இடத்தில் எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. முதல் எரியும், பிறகு விறைக்கும். செருப்பை எடுத்துப்போய் அவன் காலடியில் போட்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

வைகாசியில், எங்கள் குடியேற்றத்துக்கு அப்பால் இருந்த பழைய வன்னிக் கிராமத்து அம்மன் கோயிலில் பொங்கலும் தீமிதிப்பும். கணவன் நோயில் இருந்து தப்பி, குடியையும் விட்டதற்காக மச்சானின் மனைவி நேர்த்தி வைத்திருந்தாள். தீ மிதிக்க வேண்டியவன் மச்சான். விரதம் பிடித்து மஞ்சள் துணி கட்டி நின்றான். விரத நாட்களில் அவன் உண்மையிலேயே கள்ளைத் தொடவில்லை. பொழுது சாயும் நேரம் தீக்குழியைத் தட்டிப் பரப்பினார்கள். பக்கத்தில் நிற்கவே முகம் சுட்டது.

முன்னால் போனவர்கள் எல்லோரும் விறுவிறென்று ஓட்டமும் நடையுமாகக் கடந்தார்கள். மச்சான் நடந்தான். வயல் வரம்பில் நடப்பது போல நடந்தான். நடுவில் நின்றான். நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அம்மனைப் பார்த்துக் கும்பிட்டான். சனம் “அம்மாளாச்சி!” என்று கத்தியது. பெண்கள் அழுதார்கள். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் அவனுக்கு ஏன் சுடவில்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பயமோ இரக்கமோ அல்ல, பொறாமை. இவ்வளவு சனம் எனக்காக ஒரு நாளும் கத்தப் போவதில்லை என்று நினைத்தேன். “நில்லாதை, ஓடு!” என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். அவன் என் குரலைக் கேட்டிருப்பான்.

வெளியே வந்தவனின் காலைத் தொட்டுக் கும்பிட ஆட்கள் நெருக்கினார்கள். என் மனைவியும் குனிந்தாள். தமையனின் காலில் ஒட்டியிருந்த சாம்பலை விரலால் தொட்டுத் தன் நெற்றியில் பூசி, மீதியை என் நெற்றியிலும் பூசினாள். “அண்ணையின்ர பக்தி உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டட்டும்,” என்றாள்.

அடுத்த நாள் சீமெந்து நிலத்தில் ஈரமான அடிச்சுவடுகளைக் கண்டு அவன் மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம் வெடித்திருந்தது. அவன் அதன் மேல் நடந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்திருந்தான். அப்போதிக்கரி வீட்டுக்கே வந்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசி முனையால் கால்விரலில் குத்தினார். ஊசி கணுக்காலுக்கு வரும் வரைக்கும் மச்சானுக்குக் குத்துவதே தெரியவில்லை.

“இது பக்தியில்லை, நரம்பு,” என்றார். அன்று அவரிடம் நக்கல் இல்லை. “எப்ப தொடக்கம்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

மச்சான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். “இப்பத்தான் ஐயா. கொஞ்ச நாளாய்த்தான்.”

அன்றிலிருந்து மறுபடியும் சின்னக் குளிசை கொடுத்தார்கள், முன்னையிலும் கூடிய அளவில். பெரிய ஆஸ்பத்திரியில் சயரோக மருந்தையும் மாற்றிப் பார்த்தார்கள். இடது காலில் புண் ஆறியது. ஒரு வருடத்துக்கு மேல் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வும் திரும்பியது, நரம்பு தளிர்க்கக் காலமெடுக்கும் என்றார்கள். வலது கால் அதுவரை காத்திருக்கவில்லை. புண் உள்ளே போய், பாதத்தின் முன்பாதியை எடுக்க வேண்டியதாயிற்று. சேற்றுக்குள் அவன் பிறகு இறங்கவில்லை. வரம்பில் இருந்து மற்றவன் உழுவதைப் பார்த்தான்.

பாதத்தை வெட்டிய பிறகு வார்ட்டில் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவன் மனைவி தேத்தண்ணி எடுக்க வெளியே போனதும் அவன் என் கையைப் பிடித்தான்.

“மச்சான், உனக்கு ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு ஐயாவுக்கு முன்னால நீ சொன்னாய் பார், நான் குடிக்கிறேல்லை எண்டு. எனக்காகப் பொய் சொன்னனி. பொய்யே சொல்லாத மனுசன் நீ. இவள் அந்த இடத்திலயே தாலியைக் கழட்டியிருப்பாள். சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்.”

நான் அவனைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன் என்று அவன் நம்பினான். அப்படி நம்பித்தான் டாக்டர்மாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். “அதுக்கென்ன, மச்சான்,” என்றேன். அவன் நன்றியைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

அவன் உண்மையில் மறக்கவில்லை. பிறகு எத்தனையோ நல்லது கெட்டதில், வந்தவர் போனவரிடமெல்லாம் “இவர்தான் என்ர குடும்பத்தைக் காப்பாத்தினவர்” என்று என்னைக் காட்டினான். பின்னாளில் போர் வந்து எல்லோரும் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு நடந்தபோது அந்தப் பாதிப் பாதத்தோடு அவன் எனக்கு முன்னால் நடந்தான். அப்போதும் அவனுக்காகத்தான் எல்லோரும் நின்று நின்று போனார்கள். அவன் செத்தபோது அழுத சனத்தைக் கண்டு எனக்குள் பழைய புழு ஒருமுறை நெளிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் ஊர் திரும்பி, என் மனைவியும் போன பிறகு நான் மச்சான் வளவிலேயே ஒரு அறையில் இருக்கிறேன். அவன் மனைவி எனக்குத் தங்கச்சி முறை. கூன் விழுந்த கிழவி, ஆனாலும் எனக்குச் சோறு போடுகிறாள். விரல் விறைத்ததில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் காலைகளில் என் சேட்டுப் பொத்தான்களையும் அவளே பூட்டிவிடுகிறாள். ஒரு காலத்தில் அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு வேண்டும் என்று நினைத்ததெல்லாம் இப்போது எனக்குக் கிடைக்கிறது.

போன கிழமை டாக்டரிடம், அந்தச் சின்னக் குளிசை எனக்கு உதவாதா என்று கேட்டேன். “அது சயரோகக் குளிசையின்ர பாதிப்புக்கு நல்லா வேலை செய்யும், ஐயா. இந்த மருந்துக்கு அப்பிடிச் சொல்லேலாது. நேரத்துக்குச் சொன்னீங்கள், அளவைக் குறைக்கிறன், அதுதான் வழி,” என்றார். நேரத்துக்குச் சொன்னதற்கு என்னைப் பாராட்டினார்.

இன்று காலை அவள் முதல் பொத்தானைப் பூட்டும்போது சொல்லிவிட்டேன்.

“தங்கச்சி, அண்டைக்கு டிஸ்பென்சரியில அவன் குடிக்கிறேல்லை எண்டு நான் சொன்னது பொய்.”

“தெரியும் அண்ணை,” என்றாள் நிமிராமல். “கள்ளு மணக்காதே? சத்தியம் பண்ணின கிழமையே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் குறைச்சுக் குடிப்பார் எண்டு பேசாமல் இருந்தனான். நீங்கள் அவரைக் காப்பாத்தத்தானே சொன்னனீங்கள்.”

“இல்லை. அந்தக் குளிசை அவனுக்குக் கிடைக்காமல் நிக்கோணும் எண்டுதான் சொன்னனான். பிறகு அவன் என்னை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டான். நான் ஐயாவிட்டக் கேக்கவே இல்லை. இல்லையாம் எண்டு வந்து சொன்னனான்.”

அவள் கை என் நெஞ்சில் இரண்டாவது பொத்தானில் இருந்தது. எனக்கு அந்தக் கையின் பாரம் தெரிந்தது, நெஞ்சு இன்னும் விறைக்கவில்லை. பிறகு கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அடுப்பில் ஏதோ கிண்டும் சத்தம் கேட்டது.

ஒரு பொத்தான் மட்டும் பூட்டிய சேட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன்.